முத்தம் கொடுத்து வழியனுப்புங்கள்

2014 கோடையில் பாயில் ஹைட்ஸுக்குக் குடிபோனேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திலிருந்து ஆற்றைத் தாண்டிக் கிழக்கே வந்தால் அந்தப் பகுதி. வாடகை குறைவு என்பதைத் தவிர அங்கே போக எனக்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. கடைப் பலகை, பள்ளிக்கூட நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாமே ஸ்பானிஷ். என் வீட்டை ஒட்டிய கராஜில் ஒரு பெரியவர் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மடக்கு நாற்காலியை விரித்து உட்காருவார். தலைக்கு மேலே ஆணியில் ஒரு ரேடியோ. ஏழு பத்துக்கு ஊர் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் ஆட்டம்.

அந்த வருஷம்தான் டாட்ஜர்ஸ் ஆட்டங்களைக் காட்ட ஒரு புதுச் சேனல் வந்திருந்தது. அது கேட்ட காசைப் பெரும்பாலான கேபிள், சாட்டிலைட் கம்பெனிகள் கொடுக்க மறுத்துவிட்டன. சொந்த ஊர் அணியின் ஆட்டத்தை ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பார்க்க முடியவில்லை. 2020 வரைக்கும் இதே கதைதான். என் வீட்டு டிவியிலும் வரவில்லை. பெரியவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. டிவியில் பார்த்தால்தான் ஆட்டம் என்று அவர் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

எனக்கு அப்போது பேஸ்பாலும் தெரியாது, ஸ்பானிஷும் தெரியாது. ஒரு நாள் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துக்கொண்டு போனவனை "மிஹோ, உட்கார்" என்று கூப்பிட்டார். என் மகனே என்பதன் சுருக்கம் அது. நம் ஊர்ப் பெரியவர்கள் முன்பின் தெரியாத பையனைத் தம்பி என்பதற்கும் ராசா என்பதற்கும் நடுவில் எங்கோ இருக்கிற சொல். நான் அவரை செஞோர் என்றேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு ஸ்பானிஷ் பூஜ்யம். ரேடியோவில் ஒரு குரல் அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரித்துப் பேசிக்கொண்டிருந்தது. எண்பது வயதை நெருங்கும் ஒருவரின் குரல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஹைமே ஹர்ரீன் என்ற பெயரும் அப்புறம்தான் தெரிந்தது.

முதல் வாரம் எனக்குப் பிடிபட்டவை சொற்கள்தான். "பொஞ்சே" என்று அடிக்கடி வந்தது. ஏதோ பானத்துக்கு விளம்பரம் என்று நினைத்தேன். பெரியவர் சிரித்துவிட்டு, கையால் காற்றில் மட்டையைச் சுழற்றி, பந்தை விட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டு நடந்து காட்டினார். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவதுதான் பொஞ்சே. அந்த டிசம்பரில் ஒரு கோப்பை நிறைய, கொய்யாவும் கரும்புத் துண்டும் பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்த சூடான பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தார். "இதுவும் பொஞ்சே, ஆனா இதுல அவுட் ஆக மாட்டே" என்றார்.

"காசா யேனா" என்றால் வீடு நிறைந்துவிட்டது. மூன்று பேஸிலும், அதாவது ரன் எடுக்க ஓடுபவர் தொட்டுப்போகும் மூன்று மூலைகளிலும், ஆள் நிற்கிறார்கள். பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேடு "லோமிதா", குட்டிக் குன்று. ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆனால் "டோப்லே மதான்சா", இரட்டைக் கொலை. முதல் தடவை கேட்டபோது நடுவில் செய்தி அறிக்கை வந்துவிட்டதோ என்று பயந்தேன். இன்னொரு பக்கம், பந்தை வேலிக்கு அப்பால் அடிக்கும் ஹோம் ரன்னை அப்படியே எடுத்து "ஹோன்ரோன்" ஆக்கிக்கொண்டார்கள், அம்பயர் "ஆம்பயர்" ஆனார். எது மொழிபெயர்ந்தது, எது பெயராமல் நின்றது என்பதற்கு எந்த விதியும் இல்லை. நம்மிடம் விக்கெட் விக்கெட்டாகவே நின்றுவிட, பந்து மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டியது போலத்தான். என் அப்பா, வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர். எந்தச் சொல் வாயில் நின்றது, எது நிற்கவில்லை என்று அவரைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது "ஹார்டினேரோ". தோட்டக்காரர் என்று அர்த்தம். பின்னால் பரந்து கிடக்கும் புல்வெளியைக் காக்கும் அவுட்ஃபீல்டருக்கு ஸ்பானிஷில் அதுதான் பெயர். இதை எனக்கு விளக்கியபோது பெரியவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். முப்பது வருஷம் பெவர்லி ஹில்ஸ் பங்களாக்களில் புல் வெட்டியவர் அவர். "நானும் ஹார்டினேரோதான். எனக்கு மட்டும் யாரும் கைதட்டலை."

ஹர்ரீனுக்கும் எனக்கும் ஒரு ஒற்றுமை உண்டு என்று தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அவருக்கும் பேஸ்பால் பிறவியிலேயே வந்ததில்லை. 1935இல் ஈக்வடாரில் காயாம்பே என்ற மலையூரில் பிறந்தவர். அந்த ஊர்களில் விளையாட்டு என்றால் கால்பந்துதான். பதின்ம வயதிலேயே கீத்தோவில் வானொலியில் பேசத் தொடங்கி, 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தார். வந்ததும் கிடைத்தது வேலி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அப்புறம் கே.டபிள்யூ.கே.டபிள்யூ என்ற ஸ்பானிஷ் வானொலியில் செய்திப் பிரிவு. 1958இல் புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது, நிலையம் ஸ்பானிஷ் வர்ணனை உரிமையை வாங்கியது. நீயும் வா என்று கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் இந்த ஆட்டம் சரியாகத் தெரியாது, ஒரு வருஷம் கொடுங்கள் என்றார் ஹர்ரீன். கொடுத்தார்கள். அந்த வருஷம் முழுக்கப் படித்தார், ஆட்டங்களைப் பார்த்தார். 1959இல் மைக் முன்னால் உட்கார்ந்தார். எழுந்தது 2022இல். மொத்தம் 64 சீசன்.

இந்த ஒரு வருஷ அவகாசம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று எனக்குத் தோன்றும். பிறந்ததிலிருந்து ஒரு ஆட்டத்திலேயே ஊறியவனுக்கு எது புரியாமல் போகும் என்றே தெரியாது. ஹர்ரீனுக்குத் தெரிந்திருந்தது. கேட்பவர்களில் பலர் கால்பந்தும் குத்துச்சண்டையும் மட்டும் அறிந்தவர்கள், இல்லாவிட்டால் மத்திய அமெரிக்காவிலிருந்து நேற்றுத்தான் வந்து இறங்கியவர்கள். ஒரு பேஸைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு நழுவ, ஓடுபவர் ஏன் முதல் பந்துக்கே ஓடவில்லை என்பதை அவர் சொல்லும் விதத்தில், தெரியாதவனுக்குப் பாடம் கிடைக்கும், தெரிந்தவனுக்கு அலுக்காது. பெரியவருக்கும் எனக்கும் ஒரே வாக்கியம் ஒரே நேரத்தில் பயன்பட்டதை அந்த கராஜில் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

முதல் வருஷம், 1958இல், பேசியவர் நிகரகுவாவைச் சேர்ந்த ரெனே கார்டெனாஸ். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஒரு அணிக்கு சீசன் முழுவதும் ஸ்பானிஷில் வர்ணனை என்பதே அவரில்தான் தொடங்குகிறது. பெயர் எல்லாம் ஹர்ரீனுக்குப் போய்விட்டதால் அவரை இங்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஆரம்ப வருஷங்களில் ஸ்பானிஷ் குழுவை வெளியூர் ஆட்டங்களுக்கு அனுப்பமாட்டார்கள். செலவு. சரி, வெளியூர் ஆட்டத்தை எப்படிச் சொல்வது? ஸ்டுடியோவில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, அங்கிருந்து அணியின் ஆங்கில வர்ணனையாளர் வின் ஸ்கல்லி பேசுவதைக் கேட்டு, சில விநாடி தள்ளி ஸ்பானிஷில் ஆட்டத்தைத் திரும்பக் கட்டுவார்கள். கூட்டத்தின் இரைச்சல் பதிவு செய்து வைத்த ஒலி. பந்தைக் கண்ணால் பார்க்காமலேயே அது எங்கே விழுந்தது, ஹார்டினேரோ எப்படி ஓடினார் என்று சொல்ல வேண்டும். அதுவும் வானொலி வர்ணனையின் பெரிய மேதை ஒருவர் ஒரு காதில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது. ஸ்கல்லியை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரம் போதாது, பின்தங்கிவிடுவார்கள். ஆகவே கேட்டதை விழுங்கி, படமாக்கி, அப்புறம் தன் சொல்லில் பேச வேண்டும். அது எத்தனை கடினம் என்று தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒரு ஆங்கில வர்ணனையைக் கேட்டபடியே இரண்டு நிமிஷம் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன். நாற்பதாவது விநாடியில் நின்றுவிட்டேன்.

2020இல் கொரோனா வந்தபோது எல்லா அணிகளின் வர்ணனையாளர்களும் வெளியூர் ஆட்டங்களை மானிட்டரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். மைதானத்தில் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று பெரிய பெரிய ஆட்கள் அங்கலாய்த்தார்கள். ஸ்பானிஷ் வர்ணனையாளர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பல அணிகளில் கொரோனாவுக்கு முன்பே அவர்கள் நிலைமை அதுதான். ஆங்கிலக் குழு விமானத்தில் போகும், ஸ்பானிஷ் குழு திரையைப் பார்த்துச் சொல்லும். இன்றைக்கும் எல்லா அணிகளும் ஒரு சீசனின் 162 ஆட்டங்களையும் ஸ்பானிஷில் கொடுப்பதில்லை. இத்தனைக்கும் மேஜர் லீகில் டொமினிகன் குடியரசில் பிறந்த வீரர்கள் மட்டுமே நூறு பேரளவுக்கு இருக்கிறார்கள்.

ஹர்ரீன் மைக் முன்னால் உட்கார்ந்த அதே 1959இல்தான், மே 8ஆம் தேதி, சாவேஸ் ரவீனில் கடைசிக் குடும்பங்களைக் காலி செய்தார்கள். இன்றைக்கு டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கும் குன்றுகளில் அப்போது பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அரசுக் குடியிருப்புகள் கட்டப்போகிறோம், உங்களுக்கு அதில் முன்னுரிமை என்று சொல்லித்தான் ஐம்பதுகளின் தொடக்கத்தில் நகராட்சி நிலத்தை எடுத்தது. கம்யூனிச பயம் பிடித்து ஆட்டிய காலம் அது, திட்டம் கைவிடப்பட்டது. எடுத்த நிலம் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் பேஸ்பால் அணிக்குப் போனது. அரெச்சிகா குடும்பத்துப் பெண் ஒருவரை நான்கு காவலர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வாசற்படியில் இறக்கியது டிவியில் வந்தது. புல்டோசர் அன்றைக்கே வீட்டை இடித்தது. 1962 ஏப்ரலில் ஸ்டேடியம் திறந்தார்கள்.

பெரியவரின் மனைவி வழிச் சொந்தங்கள் அங்கே இருந்தவர்கள். அவருடைய மாமியார் சாகும்வரை ஸ்டேடியத்தில் கால் வைக்கவில்லையாம். "ஆனா ரேடியோ கேட்பா. துணி தேய்க்கிறப்போ கேட்பா. டாட்ஜர்ஸ் ரேடியோன்னு சொல்லமாட்டா, ஹைமே ரேடியோன்னு சொல்லுவா."

இதை அவர் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை, அடுத்த பந்துக்குப் போய்விட்டார். நான்தான் அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ரசிகர்களை ஈர்ப்பது எப்படி என்று இன்றைக்கு விளையாட்டு வணிகத்தில் நிறையப் பேசுகிறார்கள். சோம்ப்ரேரோ தொப்பி கொடுக்கும் நாள், டாக்கோ நாள், மரியாச்சி நாள். 2021இல் டாட்ஜர்ஸ் சட்டையில் "லோஸ் டாட்ஜர்ஸ்" என்று அச்சடித்தார்கள். ஊரே அதைக் கிண்டலடித்தது, ஏனென்றால் ஸ்பானிஷ் வாயில் அந்தப் பெயர் "டோயர்ஸ்" என்றுதான் வரும், பாயில் ஹைட்ஸ் சுவர்களிலும் டி-சட்டைகளிலும் அப்படித்தான் இருக்கும். இதையெல்லாம் நான் வெறுக்கவில்லை, டாக்கோவை யார் வெறுப்பார்கள்? ஆனால் வீட்டை இடித்தவர்களின் ஆட்டத்தை அந்த மாமியார் கேட்டதற்கு எந்த விளம்பரத் திட்டமும் காரணம் இல்லை. ஒரே குரல், வருஷத்துக்கு 162 நாள், அவர் துணி தேய்க்கும் நேரத்துக்கு வந்தது. 1962இலிருந்து 1984 வரை ஹர்ரீன் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 84இல் விட்டதும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் ஸ்பானிஷ் வானொலி வேலைக்காக.

இந்த மக்களை ஸ்டேடியத்துக்கு இழுக்க அணிக்குத் தேவைப்பட்ட ஆள், ஒரு பிட்சர், 1981இல்தான் வெளிச்சத்துக்கு வந்தார். ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா. சொனோரா மாநிலத்தில் எச்சோவாகீலா என்ற மண் சாலைக் கிராமம், 12 பிள்ளைகளில் கடைக்குட்டி. குண்டு உடம்பு, நெற்றியில் விழும் முடி, பந்தை விடுவதற்கு முன் வானத்தைப் பார்க்கும் கண்கள். ஏப்ரல் 9, சீசனின் முதல் ஆட்டம், வீச வேண்டியவருக்குக் காயம். இருபது வயதுப் பையனை இறக்கினார்கள். ஹூஸ்டனுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அதிலிருந்து தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் ஜெயித்தார், எட்டில் ஐந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காத ஷட்அவுட். ஸ்க்ரூபால் என்ற தலைகீழாக வளையும் பந்து அவருடைய ஆயுதம். ஸ்பானிஷில் "திராபுசோன்", பாட்டில் மூடி திருகி. அந்தப் பந்தைப் பார்த்தவர்கள் ஸ்பானிஷ் பெயர்தான் பொருத்தம் என்பார்கள். இருபது வயது என்று சொன்னதைப் பலர் நம்பவில்லை என்பது தனிக் கதை.

பெரியவர் அப்போது இங்கே வந்து இரண்டு வருஷம். பெவர்லி ஹில்ஸில் ஒரு வீட்டில் இயந்திரத்தை அணைத்துவிட்டு லாரியில் உட்கார்ந்து ஆட்டம் கேட்டார்களாம், நான்கு பேர். வீட்டுக்கார அம்மா வெளியே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தால், "ஃபெர்னாண்டோவா? ஸ்கோர் என்ன?" என்று கேட்டாளாம். இரண்டு வருஷத்தில் அவள் அவர்களிடம் புல்லைத் தவிர வேறு எதையும் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஃபெர்னாண்டோவுக்கு ஆங்கிலம் வராது. போகிற ஊரெல்லாம் பத்திரிகையாளர் சந்திப்பு. அணியில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பதவி கிடையாது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்தது ஹர்ரீன். அதுவரை ஸ்பானிஷ் கேட்பவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஆள், திடீரென்று எல்லா ஆங்கில டிவியிலும் தெரிந்தார். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ஃபெர்னாண்டோ என்ன சொன்னார் என்பது ஹர்ரீன் வழியாகத்தான் போனது. அந்த அக்டோபரில், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் யாங்கீஸுக்கு எதிராக ஃபெர்னாண்டோ 147 பந்து வீசினார். ஒன்பது ஹிட், ஏழு வாக் (பந்து தப்பிப் போய் அடிப்பவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), நான்கு ரன் கொடுத்து, தடுமாறி, முட்டி மோதி, கடைசிவரை நின்று 5-4 என்று முடித்தார். முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றிருந்த அணி அதிலிருந்து நான்கை வரிசையாக ஜெயித்தது. அதே வருஷம் சிறந்த புதுமுகம், சிறந்த பிட்சருக்கான சை யங் இரண்டு விருதுகளும் அவருக்கு. ஒரே சீசனில் இரண்டையும் வாங்கியவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

அறுபதுகளில் ஸ்டேடியத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட லத்தினோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், இல்லை, இப்போது நாற்பதுக்கு மேல் என்று ஹர்ரீன் பேட்டிகளில் சொல்லி வந்திருக்கிறார். தலையை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல, அறுபது வருஷம் மேலேயிருந்து பார்த்த மனிதரின் மதிப்பீடு. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஃபெர்னாண்டோ வந்தார், கூட்டம் வந்தது என்று முடித்துவிடுகிறார்கள். 1981இல் ஃபெர்னாண்டோ வந்தபோது அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே ஸ்கோர் எழுதத் தெரிந்திருந்தது, கார்டெனாஸும் ஹர்ரீனும் 23 வருஷம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இலாபம் தெரியாத காலத்தில் செலவு செய்தது யாரோ ஒரு சின்ன வானொலி நிலையம். அறுவடை அணிக்கு.

மொழி விஷயத்தில் இந்த ஆட்டத்தின் பழைய கணக்கு அவ்வளவு நல்லதில்லை. அறுபதுகளில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் மேனேஜர் ஓய்வறையில் ஸ்பானிஷ் பேசக்கூடாது என்று தடை போட்டார். அந்த அறையில் இருந்தவர்களோ ஸ்பானிஷ் பேசும் நட்சத்திரங்கள்: ஓர்லாண்டோ செபேடா, ஹுவான் மரிச்சால், ஆலூ சகோதரர்கள். போர்ட்டோ ரிக்கோ வீரர் ரொபெர்த்தோ க்ளெமென்டேயின் ஆங்கிலத்தை அவர் உச்சரித்த மாதிரியே எழுத்துப்பிழையோடு பத்திரிகைகளில் அச்சடிப்பார்கள், படிப்பவர் சிரிக்க வேண்டும் என்பதற்காக. அவரை பாப் என்று கூப்பிடுவார்கள், தன் பெயர் ரொபெர்த்தோ என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும். அதே க்ளெமென்டே 1971இல் உலகத் தொடரை ஜெயித்த கையோடு, அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த டிவி பேட்டியில், முதலில் ஸ்பானிஷில் பேச அனுமதி கேட்டார். என் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் என் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், போர்ட்டோ ரிக்கோவில் இருக்கும் என் பெற்றோர் என்னை ஆசீர்வதிக்கட்டும் என்றார். இருபது விநாடிகூட ஆகியிருக்காது. எல்லா அணிகளும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை வைத்திருக்க வேண்டும் என்று லீக் விதி போட்டது 2016இல். ஆமாம், 2016.

ஸ்பானிஷ் என்று ஒற்றையாகச் சொல்லிவிடுகிறோம். அதுவும் ஒன்று இல்லை. குவாகுவா என்றால் கியூபாக்காரருக்கு பஸ், ஈக்வடார்க்காரருக்குக் கைக்குழந்தை. ஒரு கியூபாக்காரர் குவாகுவாவைப் பிடித்து ஸ்டேடியத்துக்கு வந்தேன் என்றால் காயாம்பேயில் போலீஸைக் கூப்பிடுவார்கள். இதில் எந்த ஸ்பானிஷில் ஆட்டத்தைச் சொல்வது? ஹர்ரீன் எந்த நாட்டு வாடையும் தூக்கலாகத் தெரியாத, சுத்தமான, கொஞ்சம் சபை நாகரிகம் கொண்ட ஸ்பானிஷைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் தெருவில் மெக்சிகோ, சால்வடார், குவாத்தமாலா மூன்றும் உண்டு. மூவருமே அவர் தங்கள் ஆள் என்பார்கள். யாழ்ப்பாணத்தாரும் நெல்லைக்காரரும் சென்னைவாசியும் ஒரே அறிவிப்பாளரைத் தங்கள் ஆள் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. பக் கனெல் என்பவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர், உலகத் தொடரை லத்தீன் அமெரிக்கா முழுக்க வானொலியில் கொண்டுபோனவர். ஆட்டம் சூடுபிடிக்கும்போது "போய்விடாதீர்கள், இப்போதுதான் களை கட்டுகிறது" என்பார். மயாமியில் கியூபாக்காரர் ஃபெலோ ராமிரெஸ் தொண்ணூறு வயதுக்கு மேலும் மைக்கை விடவில்லை. டொமினிகன் குடியரசின் எர்னெஸ்டோ ஹெரெஸ், பந்து சுவரைத் தாண்டும்போது "நோ, நோ, நோ" என்று ஆரம்பித்து, அந்தப் பந்திடம் இல்லை என்று சொல்லுங்கள் என்று முடிப்பார். கத்தல்தான், ஆனால் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

ஹர்ரீன் கத்தமாட்டார். "சே பா, சே பா, சே பா," போகிறது, போகிறது, போகிறது என்று குரல் படிப்படியாக ஏறும். பந்து வேலிக்கு அப்பால் விழுந்ததும், "டெஸ்பீடாலா கோன் உன் பேசோ". முத்தம் கொடுத்து வழியனுப்புங்கள். பெரியவர் அந்த நேரம் மட்டும் எழுந்து நின்று, உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்து வடமேற்குப் பக்கமாக ஊதுவார். எந்தத் திசை என்பது முக்கியம். ஸ்டேடியம் அந்தப் பக்கம்தான்.

பிறகு கேபிள் சண்டை தீர்ந்தது, பேத்தி ஒரு டிவியைக் கொண்டுவந்து கராஜில் மாட்டினாள். பெரியவர் ஒலியை அணைத்துவிட்டு ரேடியோவையே வைத்துக்கொண்டார். அதில் ஒரு வேடிக்கை. ரேடியோ முன்னால் வரும், டிவி படம் சில விநாடி பின்னால். ஹர்ரீன் முத்தம் கொடுத்துவிட்ட பிறகு, திரையில் பிட்சர் அப்போதுதான் பந்தைக் கையில் எடுப்பார். பேத்திக்குப் பைத்தியம் பிடிக்கும். பெரியவருக்குப் பரம திருப்தி, வருவதை முன்கூட்டியே அறிந்த ஞானி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

2022இல் ஹர்ரீன் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் 111 ஆட்டங்கள் ஜெயித்திருந்த டாட்ஜர்ஸ், ப்ளே-ஆஃபில் சான் டியேகோவிடம் தோற்று வெளியேறியது. "64 வருஷம். வழியனுப்ப ஒரு முத்தம்கூடக் கிடைக்கலை மனுஷனுக்கு" என்று பெரியவர் இரண்டு வாரம் புலம்பினார். ரேடியோவில் ஹர்ரீனோடு பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் இன்னொரு குரலும் இருந்தது. அது ஃபெர்னாண்டோ. 2003இலிருந்து அவரும் ஸ்பானிஷ் வர்ணனைக் குழுவில். 2024 அக்டோபர் 22ஆம் தேதி இறந்துபோனார், 63 வயது. மூன்று நாள் கழித்து, மறுபடியும் யாங்கீஸுக்கு எதிராக, உலகத் தொடர் தொடங்கியது. டாட்ஜர்ஸ் ஜெயித்தது. மரியாச்சி பிளாசா எதிரில் பழைய பாயில் ஹோட்டல் சுவர் முழுக்க ஃபெர்னாண்டோவை வரைந்தார்கள். பெரியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வயித்தைக் குறைச்சு வரைஞ்சுட்டான்" என்றார்.

2025 ஜூனில் குடியேற்றத் துறையின் சோதனைகள் தொடங்கின. கார் கழுவும் இடம், கட்டுமானப் பொருள் விற்கும் ஹோம் டிப்போ கடை வாசல் என்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அணி பல நாள் வாய் திறக்கவில்லை. ஜூன் 14 அன்று ஸ்டேடியத்தில் நெஸ்ஸா என்ற பாடகி, வேண்டாம் என்று சொல்லப்பட்டும், தேசிய கீதத்தை ஸ்பானிஷில் பாடினார். 1940களில் அமெரிக்க அரசே எழுதச் சொல்லி வாங்கிய ஸ்பானிஷ் வடிவம் அது. அடுத்த வாரம் அணி பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. எங்கள் தெருவில் சிலர் போதும் என்றார்கள், சிலர் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். 67 வருஷமாக அவர்கள் மொழியில் அவர்களோடு பேசி வந்த அணியிடம் அவர்கள் எதிர்பார்த்தது பணம் அல்ல என்பது என் எண்ணம். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. அவரிடம் காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் கராஜ் கதவு மூன்று வாரம் திறக்கவில்லை.

ஏழு பத்துக்கு அந்த இரும்புக் கதவுக்கு அடியிலிருந்து ரேடியோ மட்டும் கேட்கும். புதுக் குரல்தான், ஒலியைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். நான் குப்பைத் தொட்டியை இழுக்கும்போது கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போவேன்.

ஜூலையில் ஒரு நாள், கதவு முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. உள்ளே நாற்காலியின் கால்களும் செருப்பும் தெரிந்தன. என் தொட்டிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"மிஹோ, குனிஞ்சு வா. காசா யேனா, ரெண்டு அவுட்."

குனிந்து போனேன். உள்ளே தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள்.